வெட்டாமல் திருப்பி அனுப்பிய சுன்னத்

அறுவை சிகிச்சைத் துறைக்குப் புதிதாக வரும் உங்களுக்குத் தனியாகச் செய்யக் கொடுக்கும் முதல் கேஸ் எதுவென்று எனக்குத் தெரியும். பெரியவர்கள் எல்லாரும் பெரிய தியேட்டருக்குள் போய்விடுவார்கள். போகிற போக்கில், "அந்த சுன்னத் பையனை நீ முடிச்சிடு" என்று மைனர் தியேட்டரைக் கைகாட்டுவார்கள். நீங்களும் முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவீர்கள். அது சின்ன கேஸ் என்று உங்கள் மனதில் பதிந்துவிடும். என் பணிக்காலத்தில் நான் மிகவும் பெருமைப்படுகிற கேஸ் அந்தச் சின்ன கேஸ்தான். அன்று நான் கத்தியைத் தொடவே இல்லை.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். திருக்கழுக்குன்றத்துப் பக்கம் ஒரு காலனியில் பிறந்தவள் நான். கிறிஸ்தவக் குடும்பம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டு என்னைப் படிக்கவைத்தார்கள். சர்ச்சில் வேதம் வாசிக்கும்போது 'விருத்தசேதனம்' என்ற சொல் அடிக்கடி காதில் விழும். ஆபிரகாம் முதுமையில் அதைச் செய்துகொண்டார் என்பார்கள். சண்டே ஸ்கூலில் எழுந்து நின்று, "அப்படின்னா இன்னா டீச்சர்?" என்று கேட்டேன். டீச்சர் முகம் சிவந்து, "பரிசுத்தமான காரியம், உக்காரு" என்றார். மருத்துவக் கல்லூரியில் வார்டுக்குப் போகிற வருஷம்தான் அந்தப் பரிசுத்தமான காரியம் எனக்கு விளங்கியது. வகுப்பில் நான் மட்டும் சிரித்தேன். ஏன் சிரிக்கிறேன் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

இந்த அறுவைக்கு நம்மிடம் வருகிறவர்கள் இரண்டு வழியாக வருகிறார்கள். முஸ்லிம் குடும்பங்கள் மார்க்கக் கடமையாகப் பிள்ளைகளை அழைத்து வருகிறார்கள். மற்றவர்கள் உடம்புத் தொந்தரவால் வருகிறார்கள்: முன்தோல் இறுகிச் சிறுநீர் நூலாக வரும், அழுக்கு சேர்ந்து புண்ணாகும். சர்க்கரை நோய்க்காரர்களுக்கு அந்தப் புண் ஆறவே ஆறாது. கோயில் வேலையில் இருந்த ஒரு பெரியவர் அந்த வேதனையோடு பல மாதம் காலம் தள்ளினார். காரணம், "இதைப் பண்ணிண்டா மதம் மாறினதா ஆயிடாதா டாக்டர்?" என்ற பயம். "உங்களுக்கு நான் பண்றது வைத்தியம் சாமி, ஞானஸ்நானம் இல்லை" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாளே படுக்கையில் சேர்ந்தார். அதற்காக, சுத்தம் என்ற பெயரில் எல்லா ஆண்பிள்ளைக்கும் வெட்டியாக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆரோக்கியமான உடம்புக்குத் தண்ணீரும் தினசரி பழக்கமும் போதும். ஆனால் வருகிறவர் என்ன காரணத்துக்காக வருகிறார் என்பதை நீங்கள் மதிக்க வேண்டும். அந்தக் காரணம் தெரியாமல் நீங்கள் சொல்கிற வைத்தியம் அவர் காதில் ஏறாது.

இனி யூசுப்பின் கதைக்கு வருகிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய அரசு மருத்துவமனையில் நான் சர்ஜன். ஒரு நாள் காலை வாசலில் பேண்டு சத்தம். எட்டிப் பார்த்தால் ஒரு குதிரை நிற்கிறது. கடற்கரையில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு நடக்கிற அதே குதிரை. அதன் மேல் தலைப்பாகையும் கழுத்து நிறையப் பூவுமாக ஆறு வயதுப் பையன். வாட்ச்மேன் ஒரு கையால் கேட்டையும் மறு கையால் தலையையும் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

பையன் பெயர் யூசுப். அப்பா காசிம், சவுதியில் ஏ.சி. மெக்கானிக். மகனின் சுன்னத்துக்காகவே லீவில் வந்திருந்தார். காசிமின் அண்ணன் ரஹீம் பாய், கடற்கரையில் சங்கு, சிப்பி பொம்மைக் கடை வைத்திருப்பவர். அந்தக் கடற்கரையில் அலைச் சத்தத்தை மீறிக் கேட்கிற குரல் அவருடையது ஒன்றுதான். வீட்டிலேயே சுன்னத் செய்வதாக இருந்த ஒஸ்தா கால் எலும்பு முறிந்து படுத்துவிட்டதால், ஊர்வலத்தை அப்படியே ஆஸ்பத்திரிக்குத் திருப்பிவிட்டார்கள். மயக்க மருந்து டாக்டர் செங்கல்பட்டிலிருந்து வரும் நாள் அது. எல்லாம் கூடி வந்த மாதிரிதான் இருந்தது.

பூவைக் கழற்றி உள்ளே அழைத்துப்போய், மயக்கம் கொடுப்பதற்கு முன் பையனைப் பரிசோதித்தேன். முன்தோல் மேல்பக்கம் மட்டும் முக்காடு மாதிரி திரண்டிருந்தது. கீழ்ப்பக்கம் தோலே இல்லை. சிறுநீர்த் துவாரம் நுனியில் இல்லாமல் கீழே நடுவில் இருந்தது; குறியும் கீழ்நோக்கி வளைந்திருந்தது. நீங்கள் புத்தகத்தில் ஹைப்போஸ்பேடியாஸ் என்று படிப்பீர்களே, அது. பிறவிக் குறை. திருத்திவிடலாம். ஆனால் திருத்துவதற்கு, குறைவாக இருக்கும் சிறுநீர்க் குழாயை நுனிவரை நீட்டிக் கட்ட வேண்டும். கட்டுவதற்குத் துணி அந்த முக்காட்டுத் தோல்தான். சுன்னத் என்று அதை வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டால், பிறகு வருகிற சர்ஜன் வெறுங்கையோடு நிற்க வேண்டியதுதான்.

வெளியே வந்து, "இன்னைக்குப் பண்ண முடியாது" என்றேன்.

"இன்னா டாக்டரம்மா இப்டி சொல்றீங்க?" ரஹீம் பாயின் குரலில் வராந்தா அதிர்ந்தது. "அங்க பிரியாணி தேக்சா எறக்கியாச்சு. சொந்தக்காரங்க அல்லாரும் வந்துகினு கீறாங்க. ஊரே பாக்க குதிர மேல வந்த புள்ளய அப்டியே திருப்பி இட்டுகினு போவ சொல்றீங்களா?"

குறையைச் சொன்னேன். அவர் கையை வீசி மறுத்தார். "அது குறையில்ல, அல்லா குடுத்த பரக்கத்து. பொறக்க சொல்லவே மலக்குமாருங்க பாதி சுன்னத் பண்ணி அனுப்பிச்ச புள்ள இது. மிச்சம் கொஞ்சூண்டு தோலு தான் கீது. அத்த எடுக்க உங்களுக்கு இன்னா கஷ்டம்?" மலக்குமார் என்று அவர் சொன்னது தேவதூதர்களை.

காசிம் அண்ணனைப்போல் கத்தவில்லை. மெதுவாக என் பக்கத்தில் வந்தார். "மேடம், அடுத்த வாரம் எனக்கு பிளைட்டு. இனிமே லீவு எப்ப கெடைக்குமோ தெரியாது. எம் புள்ளைக்கு நடக்க போற நல்லது, அத்த நான் கண்ணால பாக்க வேணாமா?"

ரஹீம் பாயின் சத்தத்துக்கு என்னிடம் பதில் இருந்தது. காசிமின் இந்தக் கேள்விக்கு இல்லை.

நான் தயங்கியதைப் பார்த்து ரஹீம் பாய் முடிவெடுத்துவிட்டார். "உங்களால முடியலன்னா வுட்ருங்க. ரோட்டு மேல எத்தினியோ க்ளினிக்கு கீது. அர மணி நேர வேல. டேய் காசிம், புள்ளய தூக்கு."

இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள். மறுத்ததோடு என் கடமை முடிந்தது என்று நான் நினைத்திருக்கலாம். ஓ.பி. சீட்டில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் யாரும் என்னைக் கேள்வி கேட்க முடியாது. ஆனால் மதியத்துக்குள் வேறு யாராவது அந்தத் தோலை வெட்டியிருப்பார்கள். அவசரத்தில் திருப்பிப் பார்த்திருக்கவே மாட்டார்கள். என் கை சுத்தமாக இருக்கும், பையன் வாழ்க்கை பாழாகும். சர்ஜன் 'முடியாது' என்று சொல்வது பாதி வேலைதான். அந்த 'முடியாது'வை எதிரில் இருப்பவர் தன் முடிவாக எடுத்துக்கொண்டு போகும்வரை மீதிப் பாதி பாக்கி இருக்கிறது.

"ஒரே ஒரு டீ குடிங்க பாய். அதுக்குள்ள நான் பையனோட அம்மாவைப் பார்த்துட்டு வரேன்" என்றேன்.

"அவகிட்ட இன்னா பேச்சு?"

"பொம்பளைங்க பேச்சு" என்றேன். அதற்கு மேல் அவரால் கேட்க முடியவில்லை. பெண் சர்ஜனாக இருப்பதில் சில சௌகரியங்கள் உண்டு.

ஜரினா, மற்றப் பெண்களோடு வராந்தாவின் கோடியில் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அவளிடம் யாரும் எதையும் கேட்கவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. தனியாக அழைத்துப் போய், "பையன் ஒண்ணுக்குப் போனா துணி நனையுதாம்மா?" என்று கேட்டேன்.

என்னையே பார்த்தாள். கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. "தெனம் நனையுது டாக்டரம்மா. நிஜார் மாத்தி மாத்தி தொவச்சிகினே கீறேன். அவன் குந்திகினுதான் போவான். 'எந் தம்பி மவன் மார்க்கம் சொன்ன மாதிரி குந்தி போறான் பாரு'ன்னு அவங்க பெரியத்தாவுக்கு பெரும. குந்தினாலும் கால்ல, துணில எல்லாம் படுது. இஸ்கூல்ல பசங்க நாத்தம்னு சொல்றாங்களாம், தனியா குந்திக்கிறான். வெள்ளிக்கெழம ஜும்மாவுக்கு இட்டுகினு போறேன்னு இவரு கேட்டா நான் இன்னா சொல்றது? ஈரத்துணியோட பள்ளிவாசலுக்குள்ள எப்டி அனுப்பறது? வயித்து வலின்னு பொய் சொல்லி வூட்லயே வச்சிக்கிறேன்."

எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. நோயாளி குழந்தையாக இருந்தால், அதன் துணியைத் துவைப்பவரைத் தேடிப்போய்க் கேளுங்கள். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் தெரியாதது அங்கே தெரிந்திருக்கும்.

அடுத்து நேராக வாசலுக்குப் போனேன். துஆ ஓதிப் பிரார்த்திப்பதற்காக, அவர்களுடைய பள்ளிவாசலில் தொழவைக்கும் ஹஜ்ரத்தும் கூட வந்திருந்தார். வேனில் தஸ்பீஹ் மணியை உருட்டியபடி உட்கார்ந்திருந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், நிதானமான மனிதர். வணக்கம் சொன்னேன்.

"ஹஜ்ரத், எனக்கு உங்க உதவி வேணும். சுன்னத் எதுக்காகச் செய்யறோம்னு நீங்க எனக்குச் சொல்லணும்."

என் கழுத்துச் சிலுவையைப் பார்த்தார். ஏதோ வாதத்துக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். பொறுமையாகச் சொன்னார்: "முதல் காரணம், அது இப்ராஹீம் நபி காட்டிய வழிம்மா. உங்க வேதத்துல ஆபிரகாம்னு இருக்கும். இறைவனுக்குக் கட்டுப்பட்டவன்ங்கிறதுக்கு அடையாளம். ரெண்டாவது, சுத்தம். ஒரு சொட்டுச் சிறுநீர் துணியில பட்டா அதோட தொழுகை கூடாது. தோலுக்குள்ள அது தங்கக் கூடாதுன்னுதான் எடுக்கச் சொல்றோம்."

"அந்தத் தோலை எடுத்தா ஒரு பிள்ளை ஆயுசு முழுக்கச் சுத்தமாவே இருக்க முடியாதுன்னா?"

மணி உருட்டுவது நின்றது. "உள்ளே போய்ப் பேசுவோம்" என்று வேனிலிருந்து இறங்கினார்.

டிரெஸ்ஸிங் அறையில் ஹஜ்ரத், காசிம், ரஹீம் பாய் மூவரையும் நிற்கவைத்தேன். வாயால் சொல்லி ரஹீம் பாயை ஜெயிக்க முடியாது என்று தெரிந்துவிட்டது. ஒரு டிரிப்ஸ் ட்யூபை எடுத்தேன். நுனியில் முடிச்சுப் போட்டேன். நுனிக்குக் கொஞ்சம் முன்னால், கீழ்ப்பக்கம் கத்தரியால் ஓர் ஓட்டை போட்டேன். "இதுதான் பையனோட குழாய்" என்று சொல்லித் தண்ணீரைத் திறந்துவிட்டேன். தண்ணீர் நேராகப் போகாமல் கீழே பீச்சி, பக்கத்தில் நின்ற ரஹீம் பாயின் புது வெள்ளை லுங்கியை நனைத்தது. சத்தியமாக அவரைக் குறிவைத்து நான் பிடிக்கவில்லை.

"ஐய, இன்னா டாக்டரம்மா!" என்று துள்ளினார்.

"தினம் இப்படித்தான் பாய் உங்க தம்பி மகன் நனையறான். அவன் குந்திப் போறது இதனாலதான்."

காசிம் தண்ணீர் சொட்டும் ட்யூபையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முடிச்சை அவிழ்த்தேன். ஓட்டை மேல் பிளாஸ்திரியைச் சுற்றி ஒட்டி, மறுபடி திறந்தேன். தண்ணீர் நேராகப் பாய்ந்து எதிரே இருந்த பேசினில் விழுந்தது.

"இந்தப் பிளாஸ்திரிதான் அந்தத் தோல். அதை வெச்சு மெட்ராஸ்ல பெரிய டாக்டருங்க இப்படிச் சரிபண்ணிடுவாங்க. இன்னைக்கு நான் வெட்டிட்டா ஒட்டறதுக்கு ஒண்ணும் இருக்காது."

"அப்ப மலக்குமாருங்க பண்ணதுன்னு..." என்று ரஹீம் பாய் ஆரம்பித்தார். இப்போது குரல் பாதியாகிவிட்டிருந்தது.

ஹஜ்ரத் அவர் தோளில் கைவைத்தார். "ரஹீம், மலக்குமார் செஞ்சிருந்தா அரைகுறையா விட்டுட்டா போவாங்க?" பிறகு காசிமைப் பார்த்துச் சொன்னார்: "சுத்தத்துக்காக வந்த சுன்னத் இது. பிள்ளையைச் சுத்தமாக்குற வழியை அடைச்சுட்டு நாம அதைச் செய்யக் கூடாது. உடம்புக்குக் கேடுன்னா தள்ளிப்போட மார்க்கத்துல இடம் இருக்கு. இப்ராஹீம் நபி செஞ்சுக்கிட்டதே முதுமையில. உன் மகனுக்கு என்ன அவசரம்?"

"ஜனங்க கிட்ட இன்னா சொல்றது ஹஜ்ரத்?" என்றார் காசிம்.

"ஜனங்களுக்கு நான் சொல்லிக்கிறேன். பிள்ளைக்கு வைத்தியம் நல்லபடியா முடியணும்னு எல்லாருமா கைதூக்கி துஆ கேட்போம். விருந்து இன்னைக்கே நடக்கட்டும்."

காசிம் என்னிடம் வந்தார். "அத்த நான் பாக்க முடியாது. ஆனா நீங்க கூட இருப்பீங்களா மேடம்?"

"இருப்பேன்" என்றேன். அந்தச் சொல்லைக் கொடுத்தபோதுதான் அவர் கேள்விக்கு என் பதில் கிடைத்தது.

அன்று எங்கள் ஆஸ்பத்திரி முழுக்கப் பிரியாணி. மயக்க மருந்து கொடுக்காமலே திரும்பிய டாக்டர், வருகிற வாரமும் இப்படி ஏதாவது கேஸ் இருந்தால் சொல்லச் சொல்லிவிட்டுச் சாப்பிட்டுப் போனார்.

காசிம் சவுதிக்குப் போனார். நான் சென்னையில் குழந்தைகளுக்கான சர்ஜன் ஒருவரிடம் பேசி, லீவு போட்டு ஜரினாவோடும் யூசுப்போடும் போனேன். முதலில் வளைவை நிமிர்த்தினார்கள். சில மாதம் ஆறவிட்டு இரண்டாவது அறுவையில் குழாயைக் கட்டினார்கள். இரண்டு தடவையும் கைகழுவி உதவிக்கு நின்றேன். அந்த முக்காட்டுத் தோலை அவர் பிரித்து, கீழே திருப்பிக் கொண்டுவந்து, மயிரிழைத் தையலில் குழாயாக மாற்றினார். குதிரையில் வந்த அன்றே குப்பைக்குப் போயிருக்க வேண்டிய தோல் அது. கடைசியில் மிச்சம் இருந்த ஓரத்தையும் வட்டமாக ஒழுங்கு செய்து முடித்தார்.

வெளியே காத்திருந்த ஜரினா கேட்ட முதல் கேள்வி: "நல்லாய்ட்டானா?" இரண்டாவது: "அப்ப சுன்னத் எப்ப பண்றது டாக்டரம்மா?"

"அதுவும் ஆயிடுச்சும்மா. ரெண்டும் ஒண்ணா முடிஞ்சது" என்றேன். அங்கேயே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

ஆனால் சிறுநீர் வடிய வைத்திருந்த ட்யூபை எடுக்கும் நாள் வரை எனக்கு நிம்மதி இல்லை. தையல் ஓரிடத்தில் விட்டாலும் மறுபடி கசியும். அன்று வார்டுக்குப் போனபோது ட்யூபை எடுத்துவிட்டு, பையனை நிறையத் தண்ணீர் குடிக்கவைத்திருந்தார்கள். யூசுப் குளியலறைக்குள் போனான். கதவுக்கு வெளியே ஜரினா, நான், நர்ஸ், பக்கத்துப் படுக்கைத் தாய்மார்கள் எல்லாரும் நின்றோம். ஊரிலிருந்து ரஹீம் பாயும் வந்திருந்தார்.

உள்ளே கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு சுவரில் தண்ணீர் அடிக்கும் சத்தம். நிற்காமல் ஒரே சீராக. கூடவே அவன் கூச்சல்: "அம்மா! நின்னுகினு போறேன்! நேரா போவுதும்மா! செவுத்துல அடிக்குது!"

வார்டே கைதட்டியது. அந்தக் கூட்டத்தில் முதலில் கைதட்டியவள் நான்தான் என்று நர்ஸ் பிறகு சொன்னாள். உலர்ந்த நிஜாரோடு வெளியே வந்தவனை ரஹீம் பாய் தோளில் தூக்கி வைத்துக்கொண்டார். நேரே எதிர்ச்சாரியில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குக் கொண்டுபோய் சவுதிக்குப் போன் போட்டார். பையன் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்து, "அத்தா, உன்னிய மாரியே நின்னுகினு போனேன்!" என்று கத்தினான். எதிர்முனையில் காசிம் என்ன சொன்னாரோ எனக்குக் கேட்கவில்லை. அடுத்த லீவில் காசிம் செய்த முதல் காரியம், மகனைக் கைபிடித்து ஜும்மாவுக்கு அழைத்துப்போனதுதான்.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த கோடை விடுமுறையில், சுன்னத்துக்கு நாள் குறிக்கும் முன்பு பையனை ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள் என்று ஹஜ்ரத் தொழுகைக்குப் பிறகு ஊராரிடம் சொல்லத் தொடங்கினார். சுற்றுவட்டாரத்திலிருந்து பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். அநேகமாக எல்லாருக்கும் ஒன்றும் இருக்காது. பார்த்து, நாள் குறித்து அனுப்புவேன்.

ஒரு நாள் ஓ.பி.யில் நல்ல கூட்டம். வெளியே பழகிய குரல் வராந்தாவை அதிரவைத்துக்கொண்டிருந்தது. "இன்னா அவசரம்ன்றேன்! ஊர்ல பிரியாணி எங்கியும் ஓடிப் போவாது. மொதல்ல டாக்டரம்மா பாக்கட்டும்!" சதுரங்கப்பட்டினத்துப் பக்கம் தூரத்துச் சொந்தமான ஒரு குடும்பத்தை, பையனின் துணி நனைகிறது என்று கேள்விப்பட்டதும் விருந்து வேலையைப் பாதியில் நிறுத்தி, ரஹீம் பாய் இழுத்துக்கொண்டு வந்திருந்தார். பையனின் அப்பா முகத்தில் கோபம்.

பையனைப் பார்த்தேன். ரஹீம் பாயின் சந்தேகம் சரிதான்.

"கீழதான் கீதா?" என்று ரகசியம் மாதிரி கேட்டார். அந்த ரகசியமும் வராந்தாவரை கேட்டது.

"ஆமாம் பாய்" என்றேன்.

நான் அடுத்த வார்த்தை பேசுவதற்குள் அந்த அப்பாவைப் பக்கத்து ஸ்டூலில் உட்காரவைத்து, அந்தத் தோல் எதற்கு வேண்டும், எங்கே போக வேண்டும், எத்தனை தடவை அறுவை நடக்கும், ஹஜ்ரத் என்ன சொன்னார் என்று எல்லாவற்றையும் அவரே விளக்க ஆரம்பித்துவிட்டார். நான் பேனாவை மூடிவைத்து, நாற்காலியில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஓரிடத்தில்கூட நான் திருத்த வேண்டியிருக்கவில்லை.